ஒரு சொளகு தவிடு

உங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். கொழும்பிலிருந்து வந்து, ஹட்டன் குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு, நோயாளியின் கண் மட்டத்துக்கு இறங்கி உட்கார்ந்துதான் பேச வேண்டும் என்று படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். எனக்கும் காட்டினார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் உட்கார இடம் எங்கே இருக்கிறது என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் நாள் நான் கண் மட்டம் பார்த்து உட்கார்ந்தது ஒரு கோழிக்கூடையின் மேல். கோழி உள்ளேதான் இருந்தது. அந்த வீட்டு அம்மா தன் நோயை மறந்து என்னைத் திட்டினார். எங்களுக்குள் அப்படித்தான் பழக்கம் ஏற்பட்டது.

ஆகவே கையுறை போடுவது, காயம் கட்டுவது, மாத்திரை நேரம் எல்லாவற்றையும் அவர்கள் சொன்னபடியே செய்யுங்கள். அதில் நான் வாய் வைக்கமாட்டேன். நான் ஓய்வு பெற்றவள். என்னை இனி யாரும் வேலையை விட்டு நிறுத்த முடியாது. அதனால் அவர்கள் சொல்லாததை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, எயிட்ஸ் வந்தவர்கள் எல்லோரும் கண்ணீரும் பெருமூச்சுமாகப் படுத்திருக்கும் நல்ல ஆத்மாக்கள் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தால், இன்றைக்கே பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுங்கள். ஹட்டன் ஸ்டேஷனுக்குப் பின்னால் வாடகை வீட்டில் நாங்கள் நடத்திய இல்லத்தில் ஒருவர் இருந்தார். முன்னாள் லொறி டிரைவர். அவருக்கு நடக்க முடியாது என்று நாங்கள் எல்லோரும் உருகிக்கொண்டிருந்தோம். மற்ற நோயாளிகளின் அவித்த முட்டைகள் மட்டும் காணாமல் போய்க்கொண்டே இருந்தன. ஒரு நாள் கதவிடுக்கில் பார்த்தேன். மனுஷன் குசினிக்கு நடந்து போனது மட்டுமல்ல, விசில் அடித்துக்கொண்டும் போனார். எனக்கு வந்த கோபத்தில் அவரை மூன்று தலைமுறை இழுத்துத் திட்டினேன். அதற்குப் பிறகுதான் அவர் என்னிடம் மனம் விட்டுப் பேசத் தொடங்கினார். அதுவரை என்னை அவர் ஒரு மனுஷியாகவே மதிக்கவில்லையாம். பரிதாபப்படுகிறவளிடம் என்ன பேசுவது என்று கேட்டார்.

இல்லத்தை நடத்தியவர் ஒரு மேட்ரன். யாழ்ப்பாணத்துக்காரி. பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, சும்மா இருக்கத் தெரியாமல் மலைக்கு வந்தவர். நான் அப்போது தோட்ட டிஸ்பென்சரியில் இருந்து விலகி அவரிடம் சேர்ந்திருந்தேன். தோட்டத்து ஜனங்கள் என்னை ‘மிஸ்ஸி’ என்பார்கள். மேட்ரன் என்னை ‘பிள்ளை’ என்பார், கோபம் வந்தால் ‘நீர்’ என்பார். அவருக்கு எப்போதும் கோபம்.

வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதற்கு அவர் ஒரே ஒரு விதிதான் வைத்திருந்தார். நோயாளியின் வீட்டில், அந்த வீட்டுக் கோப்பையில், வாசல் திண்ணை இஸ்தோப்பில் நின்று, லயமே பார்க்கத் தேத்தண்ணி குடிக்க வேண்டும். நோய் அப்படியெல்லாம் ஒட்டாது என்று ஒரு மணி நேரம் பேசுவதை விட இது நல்லது. பிரமாதமான யோசனைதான். ஒரே ஒரு கோளாறு. மேட்ரனுக்குத் தேத்தண்ணியே பிடிக்காது. கோப்பியில் ஊறிய நாக்கு. தோட்டத்துத் தூள் தேயிலையில் ஊற்றிய சாயத்தை ஒரு வாய் குடித்ததும் அவருடைய முகம் போன போக்கைப் பார்த்து லயத்தில் ஒரு கிழவர் சத்தமாகவே சொன்னார்:

“பாத்தீங்களா? அந்தப் பெரிய மிஸ்ஸியே மூஞ்சியச் சுளிச்சிக்கிட்டுத்தான் குடிக்கிறாங்க. உசுரு பயம் யார விட்டுச்சி?”

அந்த ஒரு கோப்பையால் அந்த லயத்தில் எங்கள் வேலை பல மாதம் பின்னுக்குப் போனது. அன்றிலிருந்து தேத்தண்ணி குடிப்பது என் பொறுப்பு. ஒரு நாளைக்கு எத்தனை வீடு ஏறினேனோ அத்தனை கோப்பை. என் வயிற்றுப் புண்ணை நீங்கள் இந்தத் துறைக்கு நான் செய்த தியாகமாக எடுத்துக்கொள்ளலாம்.

இனி சாந்தியின் கதைக்கு வருகிறேன். பெயரை மாற்றித்தான் சொல்கிறேன்.

சாந்தியின் கணவன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை செய்தவன். மெலிந்து வந்தான், ஆஸ்பத்திரியில் செத்தான். பிரேதத்தைப் பொலித்தீனில் சுற்றி, பெட்டியை ஆணி அடித்து, திறக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு ரத்தப் பரிசோதனைக்கு என்ன வேலை? லயமே டாக்டராகிவிட்டது. தண்ணீர் பிடிக்கிற பீலியில் சாந்தி குடத்தை வைத்தால் மற்றக் குடங்கள் எல்லாம் பின்னால் நகர்ந்தன. கணவன் வீட்டார் கையை விரித்துவிட்டார்கள். நானுஓயாவில் இருந்த அண்ணன் ஒரு தடவை வந்தான். வாசலில் நின்றே அழுதான், வாசலில் நின்றபடியே விடைபெற்றுப் போய்விட்டான்.

சாந்திக்கும் நோய் இருந்தது. நாலு வயது மகள் தர்ஷினிக்கும் இருந்தது. இப்போதே மூக்கை உறிஞ்ச வேண்டாம். பிள்ளை மருந்து வரும் காலம் வரைக்கும் தாங்கினாள், இன்றைக்கு என்னை விட உயரம். ஆனால் அது அப்போது எங்களுக்குத் தெரியாது. மருந்து இன்னும் மலை ஏறாத நாட்கள் அவை. சாந்தி சாகப்போகிறாள் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இல்லத்துக்கு வா என்று கூப்பிட்டால், “நான் வந்துட்டா இந்தக் காம்பராவயும் புடுங்கிக்குவாங்க மிஸ்ஸி. எம் புள்ளைக்கு ஊருன்னு ஒன்னு வேணாமா?” என்பாள். நான் போகும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

“எனக்கு அப்புறம் இத யாரு மிஸ்ஸி பாத்துக்குவா?”

 ஏற்பாடு பண்ணலாம், ஏற்பாடு பண்ணலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கொழும்புப் பக்கம் இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் ஒரு விடுதி இருந்தது. இடம் கேட்டு நாங்களும் எழுதியிருந்தோம். அதைச் சொன்னால் சாந்தி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சாயி.

பேச்சாயி அக்கா விதவை. கொழுந்து பறிப்பதை விட்ட பிறகு இரண்டு மாடு வைத்து லயத்துக்கும் பஜாருக்கும் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தத் தோட்டத்தில் துரை முதல் கோயில் பூசாரி வரைக்கும் அவர் வாயில் விழாதவர்கள் கிடையாது. பக்கத்துக் காம்பராவில் எயிட்ஸ் என்றால் பாலை யார் வாங்குவார்கள்? அதனால் சாந்தியை எங்காவது கொண்டுபோய்த் தொலைக்கும்படி என்னை நாள் தவறாமல் நச்சரித்தார்.

“மிஸ்ஸி, ஒங்க வேன எங்க பட்டி கிட்ட நிப்பாட்டாதீங்க. மாடு மெரளுது.”

“மாடா மெரளுது? பால் வாங்குறவங்கதான் மெரளுறாங்க.”

“ரெண்டும் எனக்கு ஒன்னுதான். ஒங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம். எனக்கு மடி கறந்தாத்தான் சோறு.”

அவர் சொன்னது நியாயம்தான். இருந்தாலும் எனக்கும் வாய் குறைவில்லை அல்லவா? நாங்கள் சண்டை போடுவதைப் பார்க்க லயத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து உட்காருவார்கள்.

அந்த மழைக்காலத்தில் தர்ஷினிக்கு வயிற்றுப்போக்கு வந்து நிற்கவேயில்லை. மருந்து கொடுத்தோம், ஆஸ்பத்திரியில் வைத்து எடுத்தோம், கொஞ்சம் தேறியது, மறுபடி இழுத்தது. ஒரு நாள் நான் பிள்ளைக்கு உப்பு-சர்க்கரைத் தண்ணீர் பருக்கிக்கொண்டிருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சாயியின் குரல் வந்தது.

“மருந்து மட்டும் பத்தாதுடி சாந்தி. ஒங் கிரகம் அதையும் புடிச்சிருக்கு. தவிட்டுக்குக் குடுத்து வாங்கு. நான் வாங்கித் தாரேன். புள்ள என்னா பாவம் பண்ணுச்சி?”

டவுனில் வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அல்லது பிள்ளை சதா நோஞ்சானாக இருந்தால், வெள்ளிக்கிழமை காலையில் அதைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டு ஓரத்தில் கிடத்துவார்கள். இன்னொருத்தி ஒரு சொளகில், முறத்தில், தவிடு கொண்டுவந்து தாயின் மடியில் கொட்டிவிட்டு, ‘இது என் பிள்ளை’ என்று தூக்கிக்கொள்வாள். தாயைத் தேடி வரும் கெட்ட காலத்துக்கு இனிப் பிள்ளையின் விலாசம் தெரியாது. கொஞ்ச நேரத்தில் தாய் ஒரு தேங்காயைக் கொடுத்துத் தன் பிள்ளையைத் திருப்பி வாங்கிக்கொள்வாள். ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மாடு வைத்திருப்பவள் வீட்டில்தான் எந்நேரமும் தவிடு இருக்கும். ஆகவே அந்த லயத்தில் பாதிப் பிள்ளைகளைப் பேச்சாயி ஒரு தடவையாவது வாங்கி விற்றிருந்தார்.

மேட்ரனிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொள்வார் என்று பார்த்தால், “மருந்தை நிப்பாட்டச் சொல்லேல்லைத்தானே? செய்யட்டும். லயத்திலை ஒருத்தி அந்தப் பிள்ளையைக் கையாலை தூக்கிறன் எண்டு சொன்னதே பெரிசு” என்றார். திருப்பி வாங்குவதற்கான தேங்காயை நானே ஹட்டன் பஜாரில் தட்டிப் பார்த்து வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை லயமே இஸ்தோப்புகளில் நின்று பார்த்தது, கிட்ட யாரும் வரவில்லை. தொழிற்சங்கத் தலைவர் மட்டும் தலைவர் என்பதால் மற்றவர்களை விட இரண்டு அடி முன்னால் நின்றார். நானும் மேட்ரனும் சாந்தியைக் கைத்தாங்கலாகப் பிடித்து வந்து குப்பைமேட்டு ஓரத்தில் உட்கார வைத்தோம். பேச்சாயி தவிட்டை அவள் மடியில் கொட்டிவிட்டுப் பிள்ளையைத் தூக்கினார்.

“எல்லாரும் பாத்துக்குங்க. இது எம் புள்ள” என்று முறைப்படி சொல்லிவிட்டு, “சரி சரி, சீக்கிரம். எனக்குப் பால் கறக்கணும்” என்றார்.

நான் தேங்காயைச் சாந்தியிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. மடியில் கிடந்த தவிட்டை முந்தானையோடு சேர்த்து இறுக்கி முடிந்தாள்.

“வேணாம் மிஸ்ஸி.”

“என்னா வேணாம்?” என்றார் பேச்சாயி.

“வித்துட்டேன் பெரியம்மா. நீங்களே வச்சிக்குங்க.”

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பேச்சாயி பிள்ளையை இடுப்பில் வைத்தபடி அப்படியே நின்றார். அந்த மனுஷி வாயடைத்து நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன், அதுவும் கொஞ்ச நேரம்தான்.

“அடிப் பாவி! அடி நாசமாப் போறவளே! கதவத் தொறடி! இது என்னாடி வேல? ஒங்காத்தா ஒனக்கு இதத்தான் சொல்லிக் குடுத்தாளா?”

பிள்ளை வீரிட்டு அழத் தொடங்கியது. நான் ஓடிப் போய் வாங்கிக்கொள்ளப் பார்த்தேன். மேட்ரன் என் சேலையைப் பிடித்து இழுத்தார்.

“நில்லும். எங்கை போறீர்?”

“புள்ள அழுவுது மேட்ரன். அவங்க திட்டுறாங்க.”

“நீர் இப்ப போய்த் தூக்கினால் பிள்ளை உம்மடை. வளர்க்க ஏலுமோ உமக்கு?”

“...இல்ல மேட்ரன்.”

“அப்ப வாயைப் பொத்திக்கொண்டு பேசாமல் நில்லும்.”

இந்தத் தொழிலில் நான் செய்த மிகக் கஷ்டமான வேலை அன்று கையில் தேங்காயோடு சும்மா நின்றதுதான். நீங்கள் ஓடிப் போய்த் தூக்குவதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள். சும்மா நிற்க உங்களுக்கு யாரும் சொல்லித் தரமாட்டார்கள். அந்தத் தேங்காயை இல்லத்தில் சம்பல் அரைத்துவிட்டார்கள்.

பேச்சாயி பிள்ளையைக் கீழே போட்டுவிட்டுப் போயிருக்கலாம் அல்லவா? போக முடியாது. தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையைச் சும்மா திருப்பிக் கொடுத்தால் பிள்ளை உயிரோடு நிற்காது, மாட்டின் மடியும் வற்றிவிடும். அது அவருடைய நம்பிக்கை. அவர் வகுத்த சட்டத்தில் அவரே மாட்டிக்கொண்டார்.

அடுத்த நாள் சாந்தியிடம் கேட்டேன். “இந்த லயத்துல ஒனக்கு வேற ஆளா கெடைக்கல? போயும் போயும் அந்த வாய்கிட்டயா?”

சாந்தி சிரித்தாள். சிரித்தால் இருமல் வரும், இருமி முடித்துவிட்டுச் சொன்னாள்.

“வாய் கெடக்கு மிஸ்ஸி. செவுத்துக்கு இந்தப் பக்கம் படுத்துக்கிட்டு நான் எல்லாத்தயும் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். காச்சலோட கெடந்தப்பக்கூட அவங்க ஒருநாளும் மாட்டப் பட்டினி போட்டதில்ல.”

நான் ஆள் பார்க்கக் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான். பிஸ்கட் பெட்டியும் கேமராவும் கொண்டு இல்லத்துக்கு வருகிற நல்ல மனசுக்காரர்களை நான் ஏராளமாகப் பார்த்துவிட்டேன். பிள்ளையின் தலையைத் தடவுவார்கள், கண் கலங்குவார்கள், போய்விடுவார்கள். பிஸ்கட் நல்ல பிஸ்கட்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு பிள்ளையை யாரிடம் விடலாம் என்று தேடும்போது அவர்களுடைய மனசைப் பார்க்காதீர்கள். கொட்டுகிற மழையில் புல்லறுக்க யார் போகிறார்கள் என்று பாருங்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. லயத்தில் பேச்சாயியின் பாலை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பாலை நாங்கள் இல்லத்துக்கு எடுத்தோம். எங்களுக்குத் தேவைப்பட்டதை விட அது அதிகம். காலையில் பால், மத்தியானம் தயிர், மாலையில் மோர் என்று எல்லோருக்கும் நாக்குச் செத்துப்போனது. முட்டை திருடிய டிரைவர் மட்டும் தொழிலைத் தயிருக்கு மாற்றிக்கொண்டார்.

பேச்சாயிக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. சாந்தி உடம்பு தேறி எழுந்து வந்து, தன் கையால் தேங்காய் கொடுத்துப் பிள்ளையைத் திருப்பி வாங்க வேண்டும். ஆகவே சாந்தியைத் தேற்ற முடிவு செய்தார். அதுவரை வாசலுக்குக்கூட வராதவர், ஒரு நாள் கதவை உதைத்துத் திறந்துகொண்டு கஞ்சிப் பாத்திரத்தோடு உள்ளே போனார்.

“வாயத் தொற. தொறடி! ஒனக்காக இல்ல. நீ எந்திரிச்சி வந்து ஒங் கழுதைய வாங்கிக்கிட்டுப் போகணும். நேத்து என் அடுப்புல மூத்திரம் பேஞ்சி வச்சிருக்கு.”

“வாங்க மாட்டேன் பெரியம்மா.”

“வாங்காட்டிப் போ. கஞ்சியக் குடி.”

கஞ்சி கொடுத்தார். பிறகு தலை சீவிவிட்டார். பிறகு நான் கையுறை போட்டுச் செய்கிற வேலைகளையும் தானே செய்யத் தொடங்கினார். கையுறையைக் கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். மாட்டுக்குப் பிரசவம் பார்க்கையில் இல்லாத கையுறை இதற்கு எதற்கு என்று சண்டைக்கு வந்தார். அந்தச் சண்டையில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. துணி மாற்றும்போதும் திட்டு, புண்ணைத் துடைக்கும்போதும் திட்டு. ஆனால் சாந்தியின் முதுகில் ஒரு படுக்கைப்புண்கூட வரவில்லை. வீட்டுப் பராமரிப்பு என்று எங்கள் தொழிலில் சொல்வதை அதைவிடச் சுத்தமாக யாரும் செய்து நான் பார்த்ததில்லை. அதைச் செய்தவருக்குச் சாந்தி மேல் அன்பு இருந்ததா என்று அப்போது கேட்டிருந்தால், விளக்குமாற்றால் அடித்திருப்பார்.

பேச்சாயி உள்ளே போய் வருகிறார், ஒன்றும் ஆகவில்லை என்பதை லயம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. என்னுடைய எல்லாத் தேத்தண்ணியாலும் நடக்காத காரியம் அது. ஒருத்தி செம்பை நீட்டினாள், பிறகு இன்னொருத்தி. பால் மெல்ல மெல்ல லயத்துக்கே திரும்பிப் போனது. எங்கள் வயிறுகள் தப்பித்தன.

சாந்தி ஒரு மத்தியானம் செத்தாள். பேச்சாயி கரண்டியில் கஞ்சியை வாய்க்கிட்டே வைத்துக்கொண்டு, “முழுங்கு, முழுங்கு, நடிக்காத” என்று அதட்டிக்கொண்டிருந்தார். நான் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “அக்கா, போதும்” என்றேன். அவருக்குக் காதில் விழவில்லை. இன்னும் இரண்டு வாய் ஊட்டப் பார்த்தார். கஞ்சி கடைவாயில் வழிந்தது. தன் முந்தானையால் துடைத்தார், மறுபடி துடைத்தார், பிறகு துடைத்துக்கொண்டே இருந்தார்.  அழுதேன். நோயாளிக்கு முன்னால் அழக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நோயாளிதான் போய்விட்டாளே.

தூக்குவதற்கு ஆள் வராது என்று நான் பயந்தேன். பேச்சாயி லயத்தின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை ஒவ்வொரு வாசலிலும் நின்று, ஒவ்வொரு ஆணின் பரம்பரையையும் எடுத்துவிட்டார். தப்பு மேளம் அடித்து, முறைப்படி, தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கருமாதி முடிந்த பிறகு ஒரு நாள், அநாதைப் பிள்ளைகளைப் பொறுப்பெடுக்கும் நன்னடத்தை அதிகாரி ஒருவர் காரில் வந்தார். நாங்கள் முன்பு இடம் கேட்டு எழுதியிருந்த அந்தக் கொழும்பு விடுதியில் இடம் கிடைத்துவிட்டதாம். பிள்ளையை அன்றைக்கே கூட்டிப் போக ஆயத்தமாக வந்திருந்தார். சிங்களவர், மரியாதையான மனிதர். மேட்ரன் அப்போது கண் ஆபரேஷனுக்குக் கொழும்பு போயிருந்தார். நான் தனியாக மாட்டிக்கொண்டேன்.

ரத்த சொந்தம் யாரும் பிள்ளையைக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வைத்திருக்கிறாள், அதுவும் பிள்ளை தனக்குப் பாரம் என்று ஊரெல்லாம் ஏசிக்கொண்டு. அவர் இடத்தில் நான் இருந்தாலும் கூட்டிக்கொண்டுதான் போயிருப்பேன். பேச்சாயி இஸ்தோப்பில் பிள்ளைக்கு ரொட்டி பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். லயமே கூடிவிட்டது. இந்த அம்மா பிள்ளைக்கு என்ன முறை என்று அதிகாரி கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தலைவர் முந்திக்கொண்டார். தன் சிங்களத்தைக் காட்ட அவருக்கு இப்படி ஒரு சந்தர்ப்பம் வாய்த்ததில்லை. “சொந்தம் ஒன்றும் இல்லை மஹத்தயா. செத்துப்போன பெண்ணிடமிருந்து இந்த அம்மா பிள்ளையை விலைக்கு வாங்கிவிட்டார்” என்று அழகான சிங்களத்தில் சொல்லிவிட்டார்.

அதிகாரியின் முகம் மாறியது. பிள்ளையை விலைக்கு வாங்குவதா? பொலிஸுக்குப் போகிற விஷயம் ஆயிற்றே! யார் சாட்சி என்று கேட்டார். தலைவருக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லோருக்கும் முன்னால் நின்று பார்த்த சாட்சி அவர்தான்.

“அது... வந்து... அந்த விற்பனை செல்லாது மஹத்தயா. சும்மா ஒரு விளையாட்டு” என்று பின்வாங்கினார்.

அவர் சிங்களத்தில் சொன்னதை யாரோ ஒருத்தி கேட்டுத் தமிழில் உரக்கச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். லயம் பொங்கிவிட்டது. செல்லாதா? பேச்சாயி வாங்கியது செல்லாது என்றால், அவர் வாங்கிக் கொடுத்த தங்கள் பிள்ளைகளின் கதி? அவர்களைத் தேடித் திரும்பிப்போன கெட்ட காலமெல்லாம் மறுபடி மலை ஏறி வந்துவிடாதா?

“யாரு சொன்னது செல்லாதுன்னு? எம் மகனயும் அவங்கதான் வாங்குனாங்க!”

“எம் மகளயும்தான்! தவிடு கொட்டுனா கொட்டுனதுதான்! தலைவரே, ஒங்க சின்னவனயும் வாங்குனாங்களே, மறந்துட்டீங்களா?”

அதிகாரி என்னைப் பார்த்தார். “இந்த அம்மா எத்தனை பிள்ளைகளை வாங்கியிருக்கிறார்?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரித்திருந்தால் நானும் பொலிஸ் ஜீப்பில்தான் ஏறியிருப்பேன். சாந்தியைப் பீலியிலிருந்து விரட்டிய அதே பெண்கள் இப்போது அவளுடைய விற்பனைக்காக அதிகாரியைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். காரணம் சுயநலம்தான். இருக்கட்டுமே, நான் என்ன வேண்டாம் என்றா சொன்னேன்?

ஒருவழியாகச் சடங்கு என்ன என்பதை அவருக்கு விளக்கினேன். அவர் பெருமூச்சு விட்டார். “சரி. சடங்கு. முடிந்தது. இப்போது பிள்ளையைத் தருவாரா என்று கேளுங்கள். நீங்கள் ஒன்றும் சேர்க்காமல் கேளுங்கள்” என்றார்.

 இத்தனை மாதமாகப் பேச்சாயி கேட்டது இதைத்தான். கார் கீழே நிற்கிறது, அவர் ‘சரி’ என்றால் முடிந்தது. பாசம், பொறுப்பு என்று இரண்டு வார்த்தை சேர்த்துக் கேட்க நாக்கு துடித்தது. சேர்க்கவில்லை.

“அக்கா, பிள்ளைய அனுப்புறீங்களான்னு ஐயா கேக்குறாரு.”

“தாராளமா கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க. எனக்கென்னா? ஒரு ரொட்டி மிச்சம்.” ரொட்டியைப் பிய்த்துப் பிள்ளையின் வாயில் வைத்தார். “ஆனா மொறையா வாங்கிக்கிட்டுப் போகச் சொல்லுங்க. சும்மா குடுக்க ஏலாது. புள்ள நிக்காது.”

“ஐயா வாங்கலாமா?”

“அவரு எப்புடி வாங்குவாரு? குடுத்தவதான் வாங்கணும். வேற ஆளு வாங்க ஏலாதே.”

“குடுத்தவ...” என்று நான் தொடங்கினேன்.

“ஆமா, குடுத்தவதான் வந்து...” என்று பேச்சாயி சொல்லிக்கொண்டே போனவர் நின்றுவிட்டார். பூட்டிக் கிடந்த பக்கத்துக் காம்பராவைப் பார்த்தார். இவ்வளவு நாளும், கஞ்சி ஊட்டிய நாட்களிலும், கருமாதி அன்றுகூட, சாந்தி எழுந்து வந்து தன் பிள்ளையை வாங்கிக்கொள்வாள் என்றே அந்த மனுஷி மனசுக்குள் எங்கோ வைத்திருந்திருக்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“குடுத்தவ இல்லையே மிஸ்ஸி.”

“இல்ல அக்கா.”

“அப்ப... இது எம் புள்ளதானே?”

அவர் அதிகாரியைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார். கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது, அதைத் துடைக்கவும் இல்லை.  தர்ஷினி வாயில் ரொட்டியோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

அதிகாரி, “என்ன சொல்கிறார்?” என்று என்னிடம் கேட்டார்.

“தன் பிள்ளை என்கிறார்” என்று சிங்களத்தில் சொன்னேன்.

அவர் தலையாட்டினார். இறங்கிப் போய் டிரைவரிடம் காரைத் திருப்பச் சொன்னார்.